ஜூலைப் பிள்ளையும் ஆகஸ்ட் பிள்ளையும்

வீட்டில் பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில், ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அழைத்து வந்த பிள்ளையைத் தலைமையாசிரியர் பக்கத்தில் நிறுத்தி, "வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொடு பார்ப்போம்" என்பார். விரல் நுனி காதில் பட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது. படாவிட்டால் அடுத்த வருஷம். தமிழ்நாட்டில் ஐம்பதைக் கடந்த பலர் இந்தப் பரீட்சையை எழுதித்தான் பள்ளிக்குள் நுழைந்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸிலும் ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றிலும் இதே பரீட்சை நடந்திருக்கிறது.

இதில் அறிவியல் இல்லாமல் இல்லை. பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. வளர வளரக் கைகால்கள் வேகமாக நீள்கின்றன, தலை மெதுவாகவே பெருக்கிறது. ஐந்தாறு வயது வாக்கில் கை, தலையைச் சுற்றிக் காதை எட்டுகிறது. ஆனால் இது அளப்பது உடம்பை. பிறந்து எத்தனை மாதம் ஆயிற்று என்பதை அல்ல. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த நாலரை வயதுக் குழந்தை காதைத் தொட்டுவிடும். சத்துக்குறைவால் உயரம் நின்றுபோன ஐந்தரை வயதுக் குழந்தைக்கு எட்டாமல் போகலாம். ஆக, ஒரே வகுப்பில் ஒரே பாயில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு இடையே எத்தனை மாத வித்தியாசம் என்பது யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

இப்போது காதைத் தொடச் சொல்வதில்லை, தேதியைப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தத் தேதி ஜூலை 31. அன்றைக்கு ஐந்து வயது நிறைந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு, மூன்று நிறைந்திருந்தால் எல்.கே.ஜி. கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் இலவச இடம் கேட்டு விண்ணப்பிப்பவர்களுக்கும் இதே கணக்குதான்: ஓர் ஆண்டின் ஆகஸ்ட் 1 முதல் அடுத்த ஆண்டின் ஜூலை 31 வரை பிறந்தவர்கள் ஒரு வகுப்பு.

இந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் பிறந்தவர்களைக் கவனியுங்கள். ஜூலை 31-இல் பிறந்தவள் ஒன்றாம் வகுப்புக்குப் போகும் ஜூன் மாதத்தில் அவளுக்கு ஐந்து வயதுகூட ஆகியிருக்காது. நாலு வருஷம் பத்து மாதம், அதாவது 58 மாதம். பக்கத்தில் உட்காரும் ஆகஸ்ட் 1 பிள்ளைக்கு 70 மாதம். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலான வாழ்நாள்! எல்.கே.ஜி.யில் இது இன்னும் மோசம். ஒருத்திக்கு 34 மாதம், இன்னொருத்திக்கு 46. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வித்தியாசம். 34 மாதக் குழந்தை சீருடைக்குள் நுழைந்தாலும் ஆயாம்மாவின் கையைப் பிடித்துத்தான் கழிப்பறைக்குப் போகும். பென்சிலை முழுக் கையால் பிடிக்கும். பேசும் வாக்கியங்கள் குட்டையாக இருக்கும். 46 மாதக் குழந்தை கதை சொல்லும். இருவருக்கும் ஒரே நோட்டு, ஒரே வீட்டுப்பாடம், ஒரே ஸ்டார்.

உயரத்தைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி ஐந்து வயதுப் பையனின் நடுத்தர உயரம் 110 சென்டிமீட்டர். ஆறு வயதில் 116. காலை வழிபாட்டில் குள்ளமானவர் முன்னால் என்று வரிசை நிற்கும்போது, முன்வரிசையில் ஜூலைப் பிள்ளைகளே அதிகம் இருப்பார்கள். அவர்களைக் குள்ளம் என்று யாரும் குறை சொல்வதில்லை, வளர்ந்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதே பொறுமை வாசிப்புக்கும் கணக்குக்கும் கிடைப்பதில்லை. இந்த அத்தியாயம் அதைப் பற்றியதுதான்.

முதலில், ஜூலைப் பிள்ளை ஏன் சீக்கிரம் பள்ளிக்குப் போகிறாள் என்பதை வேலூர் வட்டாரத்தில் பார்ப்போம். வேலூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஆம்பூர், வாணியம்பாடி. வடக்கே ஒதுங்கினால் குடியாத்தம், பேரணாம்பட்டு. கிழக்கே மேல்விஷாரம், ராணிப்பேட்டை. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு இவை வெவ்வேறு மாவட்டங்களில் கிடந்தாலும், பாலாற்றங்கரையின் தோல் தொழில் இவற்றை ஒரே வட்டாரமாகத்தான் வைத்திருக்கிறது. டேனரிகளில் ஆண்கள் அதிகம். ஷூ கம்பெனிகளில், குறிப்பாக அப்பர் எனப்படும் மேல்பாகத்தைத் தைக்கும் பிரிவுகளில், பெண்கள் அதிகம். சுற்றுக் கிராமங்களுக்குக் கம்பெனி பஸ் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. சாப்பாட்டுக் கூடையும் பையுமாகச் சாலையோரம் நிற்கும் பெண்களில் பலரும் சின்னக் குழந்தைகளின் தாய்மார்கள்.

இந்த வட்டாரத்தில் ஜூலைப் பிள்ளைகள் பள்ளிக்குச் சீக்கிரம் போவதன் காரணம் அந்த பஸ்ஸில் இருக்கிறது. "கம்பெனி பஸ் வந்துடும் மிஸ், இவளை நான் யாருகிட்ட விட்டுட்டுப் போறது?" என்று கேட்கும் தாயிடம், குழந்தைக்கு இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்று சொல்வது எளிதல்ல. மாமியார் பக்கத்தில் இருந்தால் ஒரு வழி உண்டு. அவரும் பீடி சுற்றிக்கொண்டோ வேறு வேலைக்குப் போய்க்கொண்டோ இருந்தால்? அங்கன்வாடி இருக்கிறது, ஆனால் அது முடியும் நேரத்துக்கு ஷிஃப்ட் முடிவதில்லை. மிச்சம் இருப்பது வேன் வைத்திருக்கும் நர்சரிப் பள்ளி. இந்தத் தாய்மார்களைக் குறை சொல்லும் எவரும் ஒரு மாதம் அந்த ஷிஃப்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48-ஆவது பிரிவு, பெண்கள் அதிகமாக வேலை செய்யும் ஆலைகளில் அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. பின்னர் வந்த திருத்தம் முப்பது பெண்களுக்கு மேல் உள்ள ஆலைகள் அனைத்துக்கும் இதை விரித்தது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் செய்த திருத்தம், ஐம்பது பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. ஆறு வயது வரை என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நல்ல காப்பகம், விளையாட்டும் பாட்டும் தெரிந்த ஒருவர், மதியத் தூக்கத்துக்கு ஒரு பாய் இருந்தால், ஜூலைப் பிள்ளைக்கு ஒரு வருஷம் காத்திருக்கும் வசதி கிடைக்கும். அந்த வசதி இன்றைக்குக் காசுள்ள வீடுகளுக்கே கிடைக்கிறது.

ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்களுக்கு நான் சொல்ல வருவது சட்டென்று புரியும். ஐரோப்பிய அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் இடைவெளி ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. கால்கள் அப்படிப் படிப்படியாகத் தாவி வளர்வதில்லை. எல்லா நீளத்திலும் கால் உண்டு. 37-ஆம் சைஸுக்குள் நுழையும் கால்களில் சில ஷூவுக்குள் ஆடும், சில இடிக்கும். இடைவெளி அவ்வளவு சிறியதாக இருந்தும் இப்படி. பள்ளிக்கூடமோ ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு மாத அகலத்தில் ஒரே ஒரு சைஸ் வைத்திருக்கிறது. காலுக்கு ஷூ சேராவிட்டால் ஷூவை மாற்றுகிறோம்.

பன்னிரண்டு மாதம் என்பதும் காகிதக் கணக்குத்தான். நம் ஊரில் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் பிறந்ததாகச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் ஏராளம். அவர்களில் பலர் உண்மையில் பிறந்தது ஆவணியிலோ ஐப்பசியிலோ இருக்கும். பள்ளியில் சேர்க்கும் நாளில் வயது பற்றவில்லை, தலைமையாசிரியர் ஜூன் 1 என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார். பிறகு டி.சி., மார்க் ஷீட், வேலை, வைப்பு நிதி, 58 வயதில் ஓய்வூதியம் என்று எல்லாம் அந்தத் தேதியின் பின்னால் போயிற்று. நல்ல மனதோடு செய்த உதவி அது. ஆனால் அதன் விளைவு என்னவென்றால், காகிதத்தில் வகுப்பின் இளைய பிள்ளையாக இருந்தவர் உண்மையில் அதைவிடவும் சில மாதம் இளையவராக இருந்தார். தன் வயதைக் காட்டிலும் ஒன்றேகால் வருஷம் வரை மூத்தவர்களோடு போட்டி போட்டுத் தோற்று, தனக்குப் படிப்பு வராது என்று முடிவு கட்டியவர்கள் எத்தனை பேர்? 2023-இல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழையே பள்ளிச் சேர்க்கைக்கான வயதுச் சான்றாக ஆக்கியிருக்கிறது. இனி இந்தப் பிழை குறையும். பன்னிரண்டு மாதம் குறையாது.

இந்தப் பன்னிரண்டு மாதத்தால் உண்மையிலேயே பாதிப்பு உண்டா? பொருளியலாளர்கள் கெல்லி பெடார்டும் எலிசபெத் டூயியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் அடிக்கல்லாக நிற்கிறது. பல நாடுகளில் ஒரே நேரத்தில் நடக்கும் கணித, அறிவியல் தேர்வின் மதிப்பெண்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நூறு பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், நாலாம் வகுப்பில் வகுப்பின் இளையவர்கள் மூத்தவர்களைவிட 4 முதல் 12 இடங்கள் பின்னால் நின்றார்கள். எட்டாம் வகுப்பிலும் வித்தியாசம் மறையவில்லை, 2 முதல் 9 இடங்கள். எட்டாம் வகுப்பு என்றால் பதின்மூன்று வயது. அந்த வயதில் பன்னிரண்டு மாதம் பெரிய விஷயமாக இருக்கக் கூடாது.

இருந்தது, ஏனென்றால் பள்ளிக்கூடம் வித்தியாசத்தைப் பெருக்கிவிடுகிறது. ஒன்றாம் வகுப்பில் முதலில் வாசிக்கக் கற்ற பிள்ளையை டீச்சர் எழுப்பி வாசிக்கச் சொல்கிறார். வாசித்த பிள்ளை இன்னும் நன்றாக வாசிக்கிறது. வாசிக்க முடியாத பிள்ளை எழுந்து நின்று தலை குனிகிறது, மறுநாள் டீச்சரின் கண்ணில் படாத இடம் தேடி உட்காருகிறது. மூன்றாம் வகுப்பில் ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன் என்று பிரிக்கும்போது யார் எங்கே போவார்கள் என்பது ஏறக்குறைய முடிவாகியிருக்கும். கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை ரோஜர் பார்ன்ஸ்லி 1980-களில் எண்ணிப் பார்த்தபோது வெளிப்பட்டதும் இதுதான். அங்கே சிறுவர் அணிகளுக்கு வயது எல்லை ஜனவரி 1. உயர்மட்ட இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் குவிந்து கிடந்தார்கள், கடைசி மூன்று மாதத்துக்காரர்கள் அரிதாக இருந்தார்கள். எட்டு வயதில் பத்து மாதம் மூத்த பையன் பெரிய உடம்போடு இருந்தான், தேர்வானான், நல்ல பயிற்சி பெற்றான். பதினெட்டு வயதில் அவன் உண்மையிலேயே சிறந்த ஆட்டக்காரனாகிவிட்டான்.

இன்னொரு ஆய்வு என்னை இதைவிடவும் கலங்கச் செய்தது. 2018-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. அமெரிக்காவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தார்கள். பள்ளிச் சேர்க்கைக்குச் செப்டம்பர் 1 எல்லையாக உள்ள மாநிலங்களில், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைபாடு இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்கள், ஆகஸ்டில் பிறந்தவர்களில் பத்தாயிரத்துக்கு 85.1, செப்டம்பரில் பிறந்தவர்களில் 63.6. முப்பத்துநாலு சதவீதம் கூடுதல். அந்த எல்லை இல்லாத மாநிலங்களில் ஆகஸ்ட் பிள்ளைகளுக்கும் செப்டம்பர் பிள்ளைகளுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012-இல் வந்த ஆய்விலும் இதே கதை. அங்கே எல்லை டிசம்பர் 31. ஜனவரியில் பிறந்தவர்களைவிட டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு இந்தக் குறைபாடு இருப்பதாகச் சொல்லப்பட்டது 30 சதவீதமும், பெண் குழந்தைகளுக்கு 70 சதவீதமும் கூடுதல். மூளை நோயாக இருந்தால் அது மாநில எல்லையில் நின்று திரும்பிப் போகுமா? இந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு இருந்தது நோய் அல்ல, வயது. அதற்கு மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள்.

ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ பெரும்பாலான பிள்ளைகள் டாக்டர் வரைக்கும் போவதில்லை. இங்கே நோயின் பெயரை வகுப்பறையே வைத்துவிடுகிறது: சேட்டை, மந்தம், மக்கு. மாத்திரை இல்லை என்பது மட்டும்தான் ஆறுதல். மாத்திரையை நிறுத்திவிடலாம், ஏழு வயதில் ஒட்டிய பெயரை நிறுத்துவது கஷ்டம்.

பிறந்த மாதம் என்றதும் நட்சத்திரமும் ராசியும் நினைவுக்கு வரும். விஞ்ஞானிகளுக்கும் இதில் ஒரு நியாயமான சந்தேகம் இருந்தது, பருவகாலம் பற்றியது. இந்தியாவில் மழைக்காலத்தில் பிறந்த குழந்தைகள் உயரத்திலும் எடையிலும் பின்தங்குவதை லோக்‌ஷின், ராட்யாகின் என்ற இருவர் தேசியக் குடும்பநல ஆய்வுத் தரவுகளிலிருந்து 2012-இல் காட்டினார்கள். கர்ப்பத்தின் போதும் பிறந்த பின்னும் கிடைத்த உணவு, தொற்றிய நோய் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. நம் வீடுகளில் ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதற்குச் சொல்லும் காரணமும், சித்திரை வெயிலில் பிரசவம் வேண்டாம் என்பதுதான். ஆகவே ஜூலைப் பிள்ளையின் பின்னடைவு வகுப்பில் இளையவள் என்பதாலா, அவள் பிறந்த பருவத்தாலா?

விடை வெவ்வேறு நாடுகளின் நாட்காட்டிகளில் கிடைத்தது. வகுப்பின் இளையவர்கள் இங்கிலாந்தில் ஆகஸ்ட் பிள்ளைகள், பிரிட்டிஷ் கொலம்பியாவில் டிசம்பர் பிள்ளைகள், ஜப்பானில் மார்ச் பிள்ளைகள், தமிழ்நாட்டில் ஜூலைப் பிள்ளைகள். இங்கிலாந்திலும் கனடாவிலும் ஜப்பானிலும் ஆராய்ந்தபோது, மாதம் மாறியது, இடம் மாறவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தவர்கள் எங்கும் பின்தங்கினார்கள். குளிரோ வெயிலோ காரணம் இல்லை. கோடுதான் காரணம்.

வேலூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குழந்தையின் வயதை மாதக் கணக்கில் பார்ப்பதில் உலகத்துக்கே தெரிந்த ஊர் இது. கிறித்தவ மருத்துவக் கல்லூரி, நாம் சி.எம்.சி. என்று அழைக்கும் மருத்துவமனை, 1969 முதல் 1973 வரை வேலூர் நகரத்திலும் கே.வி. குப்பம் பக்கத்துக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளைப் பதிவு செய்து, அவர்கள் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து அளந்தது. 2010 மார்ச்சில் தொடங்கி 2012 பிப்ரவரி வரை நகரின் நெரிசலான குடியிருப்புகளில் பிறந்த 251 குழந்தைகளை எட்டு நாடுகள் சேர்ந்து நடத்திய மால்-எட் ஆய்வுக்காகச் சேர்த்துக்கொண்டது. களப்பணியாளர்கள் வாரத்துக்கு இருமுறை வீட்டுக்குப் போனார்கள். மாதந்தோறும் எடையும் நீளமும் அளந்தார்கள். ஐந்து வயது வாக்கில் அந்தக் குழந்தைகளின் அறிவுத்திறனையும் சோதித்தார்கள்.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பது முக்கியம். உளவியலாளர் குழந்தையின் எதிரே மேசையில் வண்ணக் கட்டைகளை வைக்கிறார். ஒரு வடிவத்தைக் காட்டி அதேபோல் அடுக்கச் சொல்கிறார். படங்களைக் காட்டிப் பெயர் கேட்கிறார். சரியான விடைகளை எண்ணுகிறார். அந்த எண்ணிக்கை அப்படியே மதிப்பெண் ஆவதில்லை. பரீட்சை நாளிலிருந்து பிறந்த நாளைக் கழித்து, வருஷம், மாதம், நாள் என்று வயதைக் கணக்கிட்டு, அந்தச் சில மாத இடைவெளிக்குள் இருக்கும் குழந்தைகளுக்கென்று உள்ள தனி அட்டவணையைப் புரட்டுகிறார். அதே எண்ணிக்கை நாலே முக்கால் வயதுக் குழந்தைக்கு நல்ல மதிப்பெண்ணாகவும், ஐந்தே முக்கால் வயதுக்குச் சுமாரானதாகவும் மாறும். வயதைக் கழிக்காமல் ஒரு குழந்தையின் திறமையைச் சொல்வது அந்தத் துறையில் தவறு.

அங்கன்வாடியிலும் இதே கணக்குத்தான். வளர்ச்சி அட்டையில் கிடைக்கோடு முழுக்க மாதங்கள். தடுப்பூசி அட்டையில் ஆறு வாரம், பத்து வாரம், பதினாலு வாரம், ஒன்பது மாதம். ஊரின் பழைய பழக்கத்திலும் இது உண்டு. உருது பேசும் குடும்பங்களில் பிஸ்மில்லா ஓதி எழுத்தைத் தொடங்கிவைக்கும் சடங்கு, குழந்தைக்கு நாலு வருஷம், நாலு மாதம், நாலு நாள் ஆகும்போது நடப்பது தெற்காசிய இஸ்லாமியர்களின் மரபு. அங்கே குழந்தை அதன் சொந்த நாளில் எழுத்துக்கு வருகிறது. எல்லோருக்கும் பொதுவான ஒரு தேதியில் அல்ல. இப்படி ஐந்து வருஷம் மாதம் மாதமாக எண்ணிய வயதை, பள்ளியில் கால்வைத்த அன்று தூக்கிப் போட்டுவிடுகிறோம். அன்றிலிருந்து அவள் "ஒண்ணாம் கிளாஸ்".

ஒரே வயதுக்காரர்களை ஒரே அறையில் அடைப்பது ஆதிகாலத்து வழக்கமும் அல்ல. திண்ணைப் பள்ளியில் ஐந்து வயதும் பன்னிரண்டு வயதும் ஒன்றாக உட்கார்ந்தன. வாத்தியார் மூத்தவனுக்குச் சொல்ல, சட்டாம்பிள்ளை இளையவனுக்குச் சொல்ல, அவரவர் வேகத்தில் மணலில் எழுதினார்கள். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை ஏற்ற ஆண்ட்ரூ பெல், பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் இந்த முறையை எடுத்து 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்று அது அங்கே பரவியது. வயதுக்கு ஒரு வகுப்பு என்ற ஏற்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. நான் திண்ணைப் பள்ளியைப் போற்றிப் பாடவில்லை; அங்கே பிரம்பு இருந்தது, பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கும் இடம் இல்லை. ஆனால் அங்கே வகுப்பின் இளைய பிள்ளை என்று தனியாக ஒருவர் இருக்க முடியாது.

அந்தப் பாதையில் தமிழ்நாடு ஒருமுறை வெகுதூரம் போனது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையைத் தழுவி 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08-இல் மாநிலம் முழுவதும் வந்தது. ஒன்று முதல் நாலாம் வகுப்பு வரை பிள்ளைகள் தரையில் கலந்து உட்கார்ந்தார்கள். ஏணிப்படி அட்டவணையில் தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பார்த்து, அடுத்த அட்டையைத் தானே எடுத்து வந்தார்கள். பக்கத்துப் பிள்ளை முந்திப் போனால் அதில் அவமானம் இல்லை. அதில் குறைகள் இருந்தன, ஆசிரியர்களுக்குச் சுமை இருந்தது. இருந்தாலும் ஜூலைப் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான வகுப்பறையை நம் அரசு இதுவரை அமைத்ததில்லை என்பது என் கருத்து. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி குழுவாக்குகிறார்கள். நல்ல ஏற்பாடு. அரும்பில் இருக்கும் பிள்ளைகளின் பிறந்த தேதியை அந்த ஆசிரியர் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயதா, ஆறு வயதா என்று நடக்கும் சண்டையும் இந்த இடத்தில் வரும். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை ஆறு என்கிறது. கேந்திரிய வித்யாலயாக்கள் 2022-இல் ஆறுக்கு மாறின. தமிழ்நாடு ஐந்தில் நிற்கிறது. இரு பக்கமும் நியாயங்கள் உண்டு. ஆனால் ஆறாக்கினாலும் கோடு இருக்கும், கோட்டுக்குக் கீழே ஒரு பிள்ளை இருக்கும். பின்லாந்தில் ஏழு வயதில் தொடங்குகிறார்கள், அங்கும் டிசம்பர்ப் பிள்ளைகள் உண்டு. ஆறாக்கினால் கம்பெனி பஸ் ஏறும் தாய்க்கு இன்னொரு வருஷ நர்சரிக் கட்டணம் சேரும் என்பதையும் பேசுகிறவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஜூலைப் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு நல்ல செய்தி. நார்வேயில் பிளாக், டெவெரோ, சல்வானெஸ் மூவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி தொடங்கிய வயதால் பதினெட்டு வயதுப் பையன்களின் அறிவுத்திறனில் வந்த வித்தியாசம் மிகச் சிறிது. இளையவராகத் தொடங்கியவர்கள் ஒரு துளி முன்னால்கூட இருந்தார்கள். முப்பது வயதில் சம்பளத்திலும் வித்தியாசம் மறைந்துவிட்டது. மூளையில் குறை எதுவும் இல்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வரும் மார்ச்சில் ஜூலைப் பிள்ளைக்கு 175 மாதம், ஆகஸ்ட் பிள்ளைக்கு 187, எல்.கே.ஜி.யில் மூன்றில் ஒரு பங்காக இருந்த வித்தியாசம் ஏழு சதவீதத்துக்குச் சுருங்கியிருக்கும். காத்திருந்தால் போதும். காத்திருக்க விடாமல் இடையில் பிரித்துவிடுவதுதான் கெடுதல். நார்வேயில் பதினாறு வயது வரை எல்லோரும் ஒன்றாகப் படிக்கிறார்கள். பத்து வயதிலேயே பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்தனுப்பும் ஜெர்மனியில், இளையவர்கள் மேற்படிப்புக்கான பள்ளிக்குத் தேர்வாவது குறைவு.

ஆகவே பெற்றோருக்கு: உங்கள் பிள்ளை மே, ஜூன், ஜூலையில் பிறந்திருந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கிறாளே என்று சொல்வதற்கு முன் இருவரின் மாதங்களையும் எண்ணுங்கள். முடிந்தால் காத்திருங்கள், முடியாவிட்டால் அதற்காக மனம் நோக வேண்டாம், ஆசிரியரிடம் பிறந்த மாதத்தைச் சொல்லிவையுங்கள். ஆலை நடத்துபவர்களுக்கு: ஆறு வயது வரை குழந்தை இருக்கத்தக்க காப்பகம் உங்கள் சட்டக் கடமை. ஆசிரியர்களுக்கு: மூன்றாம் வகுப்பு வரை செக்‌ஷன் பிரிக்காதீர்கள், ரேங்க் போடாதீர்கள். அரசுக்கு ஒன்று: தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் பிறந்த தேதி, கல்வித் துறையின் எமிஸ் என்ற இணையப் பதிவுத் தளத்தில் ஏற்கெனவே இருக்கிறது. தொடக்கப் பள்ளி மதிப்பெண் அட்டையில் பெயருக்குப் பக்கத்தில் வயதை மாதக் கணக்கில் அச்சிடுங்கள். அடுத்த ஜூனிலேயே இதைச் செய்ய முடியும்.